மைதானம் பெருக்கிய கை: பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவும் உழைப்பவரின் உரிமையும்

செஞ்சிக் கோட்டைக்கு 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு பெருமை வந்து சேர்ந்தது. மராத்தியரின் இராணுவ நிலப்பரப்பு என்னும் தொகுப்பில், மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு 12ஆவதாக நமது கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1690களில் அவர் மகன் இராஜாராம், மொகலாயப் படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கியபடியே இங்கிருந்து மராத்திய அரசை நடத்தினார். 1698இல் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. பின்னர் வந்த இராஜா தேசிங்கின் கதையோ கூத்தாகவும் கதைப்பாடலாகவும் இன்றும் நம்மிடையே வாழ்கிறது.

கோட்டையை ஆண்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். முற்றுகையிட்டவர்களின் பெயர்களும் தெரியும். ஆனால் இராஜகிரியின் உச்சிவரை கல் சுமந்தவர்கள் யார்? அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. உழைப்பவனின் கை தேவை, அவன் பெயர் தேவையில்லை என்று நினைப்பது உலகத்தில் பழைய வழக்கம். அவ்வழக்கம் கோட்டை கட்டிய காலத்தோடு முடிந்துவிடவில்லை. அதே மராத்திய மண்ணில், புனே நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரு விளையாட்டு மைதானத்திலும் அது நடந்தது. ஆனால் அங்கே மைதானத்தைப் பெருக்கியவரின் பெயர் மறைந்துபோகவில்லை. அவர் பெயர் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். அவருடைய வாழ்வு கிரிக்கெட் இரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. உழைப்பவருக்கு எது உரிமை என்று சிந்திக்கும் எவரும் அறிய வேண்டிய வாழ்வு அது.

மூன்று ரூபாய் ஊழியம்

பாலு 1870களின் நடுப்பகுதியில் தார்வாடில் பிறந்தார். தோல் தொழிலை மரபாகக் கொண்ட, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றினார். ஆங்கில அதிகாரிகள் கழித்துப்போட்ட பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் கற்றனர். குடும்பத்தின் தேவை பெரிதாக இருந்தமையால் பாலு பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். அவருக்குக் கிடைத்த முதல் வேலை, புனேயில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளையால் சமன்செய்வதும் ஆகும். மாதக் கூலி 3 ரூபாய். உறுப்பினர்கள் பயிற்சி செய்யும்போது அவர்களுக்குச் சில சமயம் பந்துவீசவும் வேண்டும்.

1892ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்களுக்கே உரிய பூனா கிளப்பில் அவருக்கு வேலை கிடைத்தது. கூலி 4 ரூபாயாக உயர்ந்தது. ஆடுகளத்தைச் சீரமைத்தல், பயிற்சி வலை கட்டுதல், டென்னிஸ் தளத்தில் கோடு போடுதல் ஆகியவை அன்றாடக் கடமைகள். அங்கும் அவரை வலையில் பந்துவீச அழைத்தார்கள். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் அவருடைய பந்தை எதிர்கொள்ள ஆங்கில அதிகாரிகள் திணறினர். அவர்களுள் புகழ்பெற்ற மட்டையாளரான ஜே.ஜி. கிரெய்க், மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பாலுவைப் பந்துவீசச் சொல்லித் தனியே பயிற்சி பெறுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பூனா கிளப்பில் பாலு ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசினார். ஆயினும் அங்கே ஒருமுறைகூட மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததன்று. வெயிலில் ஓடி வியர்வை சிந்திப் பந்துவீசுவது கூலிக்காரரின் வேலை, நின்று அழகாக அடிப்பது கனவான்களின் கலை என்பது இங்கிலாந்திலிருந்து வந்த எண்ணம். அந்நாட்டில் பணம் பெறாமல் ஆடுபவரைக் கனவான் என்றும், கூலி பெற்று ஆடுபவரை வெறும் ஆட்டக்காரர் என்றும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இரு பிரிவினருக்கும் உடைமாற்றும் அறை வேறு. பல மைதானங்களில் உள்ளே வரும் வாயிலும் வேறு. இப்பிரிவினை 1962ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவினை கடல் கடந்து வந்து நம் நாட்டுச் சாதிப் பிரிவினையோடு கைகோத்த இடத்தில்தான் பாலு நின்றுகொண்டிருந்தார்.

மண் கோப்பை

புனேயில் இந்துக்களின் கிரிக்கெட் கழகம் ஒன்று ஐரோப்பியரை வெல்ல ஆசைப்பட்டது. ஐரோப்பியரின் திறமையான மட்டையாளர்களைத் திணறடிக்கும் பந்துவீச்சாளர் அதே ஊரில் இருக்கிறார். அவரைச் சேர்ப்பதா, வேண்டாமா? கழகத்தில் இருந்த தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றனர். உயர்சாதி மராத்தியருள் சிலர் கூடாது என்றனர். பாலுவைச் சேர்க்காமல் விடுவது மடமை என்று கிரெய்க் பத்திரிகைக்குச் சொன்ன பிறகு எதிர்ப்பு தளர்ந்தது. பாலு அணியில் சேர்ந்தார், அணி வென்றது.

ஆட்டத்தின் நடுவே தேநீர் இடைவேளை வரும். மற்ற வீரர்கள் அரங்கினுள் அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்துவார்கள். பாலுவுக்கு அரங்கின் வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் கோப்பையில் தேநீர் வரும். முகம் கழுவ வேண்டுமானால் மைதானத்தின் மூலையில், அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். உணவும் தனித்தட்டில், தனியிடத்தில். ஆனால் அவர் கையிலிருந்து வந்த பந்தை அணியின் பதினொருவரும் தொட்டார்கள்! அந்தத் தோல் பந்து யார் கையிலிருந்து வந்தது என்று அப்போது எவரும் கேட்கவில்லை. அவர் எடுத்த விக்கெட் அவர்களுக்குத் தீட்டாகவில்லை. அவர் தொட்ட கோப்பை மட்டும் தீட்டாயிற்று.

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையைக் கண்டும் கேட்டும் வளர்ந்த தமிழகத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் வயலில் நாற்று நட, நம் வீட்டுச் சுவர் எழுப்ப, நம் சவக்குழி தோண்ட வேண்டிய கைகள், ஒரு குவளையைத் தொடும்போது மட்டும் வேறாகிவிடுகின்றன.

எனினும் பாலுவின் வெற்றிகள் சிலருடைய மனத்தை அசைத்தன. சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் பாலுவைப் பாராட்டினார். சேர்ந்து விளையாட முடிந்தவர்கள் சேர்ந்து உண்ணவும் முடியும் என்பதே சீர்திருத்தக்காரர்களின் வாதம். பால கங்காதர திலகரும் வேறொரு கூட்டத்தில் பாலுவுக்குச் சிறப்புச் செய்தார்.

பம்பாயும் இங்கிலாந்தும்

1896இல் மேற்கு இந்தியாவைக் கொள்ளைநோய் தாக்கியது. அக்காலத்தில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கு இரயில்வே நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இந்து ஜிம்கானா அணியில் ஆடினார். அங்கும் அவரைச் சேர்ப்பதற்கு முதலில் தயக்கம் இருந்தது. திறமையின் முன் தயக்கம் விலகியது.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. ஆட்சியாளர்களை அவர்களுடைய விளையாட்டிலேயே வென்ற அந்நிகழ்ச்சியை நாடெங்கும் கொண்டாடினர். பாலு இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சாதிச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்ததால் கிடைத்த வெற்றி இது என்று அன்றைய சீர்திருத்தப் பத்திரிகைகள் சுட்டிக்காட்டின.

1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ தோள்வலியையும் பொருட்படுத்தாமல் வீசி, பயணம் முழுவதிலும் 114 விக்கெட்டுகளை எடுத்தார். அவற்றுள் முதல்தர ஆட்டங்களில் எடுத்தவை மட்டும் 75. நாடு திரும்பியதும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். அக்கூட்டத்தில் வரவேற்பு மடலை எழுதி அளித்தவர், அன்று இருபது வயதே நிரம்பிய ஓர் இளைஞர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

தலைமை யாருக்கு?

பாலுவின் தம்பியர் சிவராம், கணபத், விட்டல் ஆகிய மூவரும் சிறந்த வீரர்களாக வளர்ந்தனர். 1913இல் சகோதரர் நால்வரும் இந்துக்கள் அணியில் ஆடினர். அதற்குள் முஸ்லிம் அணியும் சேர்ந்து, பம்பாயில் ஆண்டுதோறும் நால்வகை அணிகளின் போட்டி நடந்துவந்தது. அணியில் மூத்தவர் பாலு. அனுபவம் மிக்கவரும் அவரே. ஆயினும் அணித்தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பெயர் பேசப்படும். ஒவ்வோர் ஆண்டும் அது தவிர்க்கப்படும். 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பாய், இந்த மதிப்பு மூத்தவரான நண்பர் பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். பெருந்தன்மையான சொல்தான். ஆனால் தேர்வுக் குழு மாறவில்லை.

பாலு பொறுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் பொறுத்தார். குரலை உயர்த்தாமல், கேட்டபோதெல்லாம் பந்துவீசினார். பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருடைய பொறுமை மற்றவருடைய அநீதிக்கு வசதியாகிவிடுவதும் உண்டு.

1920இல் அது உடைந்தது. அவ்வாண்டுப் போட்டிக்குத் தலைவராகக் குறிக்கப்பட்ட பாய் நோயுற்றிருந்தார். பாலு அணியிலேயே சேர்க்கப்படவில்லை. பாய்க்கு மாற்றாக, சிவராமையும் விட்டலையும் கடந்து, டி.பி. தேவதர் தலைவராக்கப்பட்டார். தேவதர் நல்ல வீரர், அவர்மீது குற்றமில்லை. ஆனால் முடிவின் பின்னே சாதி இருந்தது என்பதைச் சகோதரர் இருவரும் உணர்ந்தனர். அணியிலிருந்து விலகினர். விலகியதற்கான காரணத்தை மறைக்காமல் பத்திரிகைகளுக்கு அறிக்கையாகவே கொடுத்தனர். திறமையும் அனுபவமும் அன்றிப் பிறப்பு ஒன்றே தலைமைக்கு அளவுகோலாக இருக்குமானால் அந்த அணியில் ஆட மாட்டோம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு.

இதை வேலைநிறுத்தம் என்றே சொல்லலாம். தொழிற்சங்கம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, நீதிமன்றம் இல்லை. தங்கள் உழைப்பைத் தராமல் நிறுத்திக்கொள்ளும் ஒரே உரிமைதான் அவர்களிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தினர். தீண்டாமை ஒழிப்பு நாட்டின் முதற்பணிகளுள் ஒன்று என்று காந்தியடிகள் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. பொதுமக்களின் ஆதரவு சகோதரர் பக்கம் திரும்பியது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவராக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். நலம் பெற்று வந்திருந்த பாய், ஆட்டத்தின் நடுவே சிறிது நேரம் வேண்டுமென்றே களத்தைவிட்டு வெளியேறினார். அந்தச் சிறிது நேரம், மைதானம் பெருக்க வந்தவர் அணியை வழிநடத்தினார்.

1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் முழுமையான தலைவரானார். அவ்வாண்டே அணி கோப்பையை வென்றது. அண்ணனுக்கு மறுக்கப்பட்ட இடம் தம்பிக்குக் கிடைத்தது.

உலகின் பிற களங்களில்

பந்து வீசும் கையே உரிமைக்கும் முன்நின்றதை அமெரிக்காவிலும் காண்கிறோம். அங்கே கிரிக்கெட்டைப் போன்று மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் பேஸ்பால் புகழ்பெற்றது. ஜான் மான்ட்கோமரி வார்டு என்பவர் அவ்விளையாட்டின் பெயர்பெற்ற பந்துவீச்சாளர்; சட்டமும் பயின்றவர். ஒரு வீரரை ஓர் அணி வேலைக்கு அமர்த்திவிட்டால், அவர் விரும்பினாலும் வேறு அணிக்குச் செல்ல முடியாதபடி முதலாளிகள் விதி செய்திருந்தனர். வீரர் விலைக்கு வாங்கிய உடைமைப் பொருளா என்று வார்டு 1887இல் ஒரு கட்டுரையில் கேட்டார். அதற்கு ஈராண்டு முன்பே, 1885இல், வீரர்களுக்கான சங்கம் அமைத்திருந்தார். 1890இல் வீரர்களே பங்காளிகளாக இருந்து நடத்திய தனிப்போட்டி ஓராண்டுதான் நிலைத்தது. முதலாளிகளின் அந்த விதி உடைய 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நடுவர் தீர்ப்பின் மூலம் அதை உடைத்த ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இருவரும் பந்துவீச்சாளர்களே.

இங்கிலாந்தில் கூலி பெற்று ஆடும் வீரர் ஒருவர், 20ஆம் நூற்றாண்டில் முதன்முறையாக நாட்டு அணியின் தலைவரானது 1952இல். அவர் லென் ஹட்டன். மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பின வீரரான பிராங்க் வோரெல் முழுத்தொடருக்கும் தலைவராக்கப்பட்டது 1960இல். எங்கும் ஒரே முறைதான்: உழைப்பை முதலில் ஏற்றுக்கொள்வார்கள், கூலியை நெடுநாள் கழித்து உயர்த்துவார்கள், தலைமையை எல்லாவற்றுக்கும் கடைசியில், வேறு வழியில்லாதபோது தருவார்கள்.

பாலு பூனா கிளப்பில் நான்கு ரூபாய் ஊழியத்தில் சேர்வதற்குச் சற்று முன்புதான், 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்று வழங்கிய பெயருடையவர், தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்றும், அவரை இலாபத்திற்கான கருவியாக நடத்துவது மனித மாண்புக்கு இழுக்கு என்றும் அது கற்பித்தது. பாலுவின் வாழ்வு அப்பாடத்திற்கு ஓர் உரை போல் அமைகிறது. கூலி மூன்றிலிருந்து நான்கானது. எட்டணாவும் சில வேளை கிடைத்தது. அதனால் மண் கோப்பை மாறிவிட்டதா?

இரு நண்பர்கள், இரு வழிகள்

பாலு பின்னர் பொதுவாழ்வுக்கு வந்தார். 1932 செப்டம்பரில் புனேயில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் உண்டு. தமிழகத்தின் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர் என்பது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் வாதாடிய காலத்தில் பாலு காங்கிரசின் பக்கம் நின்றார். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். வரவேற்பு மடல் எழுதிய இளைஞர், வரவேற்கப்பட்ட வீரரை வென்றார்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது எளிது, அது சரியன்று. திறமையைக் கண்டால் மனிதர்களின் மனம் மாறும் என்று பாலு நம்பினார். அதிகாரத்தில் பங்கும் சட்டத்தின் காவலும் இல்லாமல் மனமாற்றம் நிலைக்காது என்று அம்பேத்கர் கண்டார். பாலுவின் கிரிக்கெட் வாழ்வே இரண்டுக்கும் சான்று. மைதானத்தின் கதவைத் திறந்தது அவருடைய பந்து. தலைமைக்கான நாற்காலியைப் பெற்றுத் தந்தது தம்பியரின் மறுப்பு. திறமை மட்டும் இருந்து மறுப்பு இல்லாதிருந்தால், அவர் இறுதிவரை நல்ல ஊழியராகவே இருந்திருப்பார்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை 1932இல் ஆடியபோது பாலுவுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. முதல்தர ஆட்டங்கள் 33இல் 179 விக்கெட்டுகள் என்பதே ஏட்டில் நிற்கும் கணக்கு. 1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் அவர் காலமானார். அதே ஆண்டில்தான் இந்திய நாடாளுமன்றம் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை இயற்றியது.

இன்றைய கேள்வி

இன்று நிலை மாறிவிட்டதா? பெரிதும் மாறியிருக்கிறது, அதை மறுக்கலாகாது. சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், எளிய குடும்பத்தில் பிறந்தவர், 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டது வலையில் பந்துவீசுவதற்காகத்தான். பாலு பார்த்த அதே வேலை. ஆனால் அந்தப் பயணம் முடிவதற்குள், 2021 ஜனவரிக்குள், ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் அவர் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். வலைக்கும் களத்துக்கும் இடையே பாலு கடக்க வேண்டியிருந்த தூரம் குறைந்திருக்கிறது.

ஆடுகளத்தைப் பராமரிப்பவர்களை இன்றும் நாம் அதிகம் நினைப்பதில்லை. 2023 செப்டம்பரில் கொழும்பில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிறந்த வீரராகத் தேர்வுபெற்ற முகமது சிராஜ், தமக்குக் கிடைத்த 5,000 டாலர் பரிசை மைதான ஊழியர்களுக்கே கொடுத்தார். மழையில் ஓடி ஓடித் தார்ப்பாய் விரித்தவர்கள் இல்லாமல் அந்தப் போட்டியே நடந்திராது என்றார். ஆட்டோ ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மகனுக்கு அது தோன்றியதில் வியப்பில்லை.

வாசகர்களே, இக்கேள்வி மைதானத்தில் மட்டும் எழுவதன்று; ஆலயத்திலும் எழுகிறது. திருவிழா வந்தால் பந்தல் போடுபவர் யார், தேர் இழுப்பவர் யார், விழா முடிந்த மறுநாள் வளாகத்தைப் பெருக்குபவர் யார்? பங்கு அவையில் அமர்ந்து முடிவெடுப்பவர் யார்? இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருக்கும் பங்குகள் உண்டு, அவை பேறுபெற்றவை. இரண்டும் வேறாக இருக்கும் பங்குகளும் உண்டு. இன்னும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் நிற்கிறது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். மகிழ வேண்டிய செய்திகள். ஆனால் மேலிருந்து வரும் மாற்றத்தை நாம் கீழே ஏற்காவிட்டால், அது ஏட்டோடு நிற்கும்.

உழைப்பவரைப் பாராட்டுவது நல்லது. கூலியை உயர்த்துவது அதனினும் நல்லது. இவ்விரண்டோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். கிரெய்க்கின் எட்டணாவைப் போல, பாராட்டும் பரிசும் சில வேளை உரிமைக்கு மாற்றாகவே கொடுக்கப்படுகின்றன. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே கோப்பையில் அருந்துவதும், தகுதியுள்ளவர் வழிநடத்த மற்றவர் பின்செல்வதும் சேரும்போதுதான் உழைப்பின் மாண்பு முழுமை பெறும். எம்.டி. பாய் நல்ல சொல் சொன்னது 1913இல். களத்தைவிட்டு விலகி இடம் கொடுத்தது 1920இல். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே அவருக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. நமக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதை ஒவ்வொரு பங்கும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.